கேண்டீன் வழி

ஜூன் 3, திங்கள்

உடற்பயிற்சி வகுப்பில் முதல் நாள். பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் ஜெசிந்தா. தினமும் எவ்வளவு நடந்தேன், எங்கே மூச்சு வாங்கியது என்று எழுதி வைக்கச் சொன்னாள். எழுதுகிறேன், ஆனால் என் பாணியில்தான் எழுதுவேன். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். சூலூரில் வெள்ளியங்கிரி வாத்தியார் என்றால் மைதானமே நிமிர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருங்க சார், உட்காருங்க சார் என்று அந்தப் பெண் வேலை வாங்கினாள். அதற்கே எனக்கு நெஞ்சு அடைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.

விஷயம் இதுதான். வலது நுரையீரலில் ஒரு கட்டி. போன மாதம் டவுன் ஆஸ்பத்திரியில் அறுத்து, நுரையீரலின் கீழ்ப்பகுதியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். சாதாரணக் கட்டிதான், பழைய சளி இறுகிப் போனது என்று மகள் கௌசல்யா டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னாள். இருக்கட்டும். பீடி, சிகரெட் எதையும் தொடாத உடம்பு இது. மீதி நுரையீரல் நன்றாக விரிய வேண்டுமாம். அதற்காக வாரம் மூன்று நாள், வேறொரு ஆஸ்பத்திரியில், இந்தக் கூத்து.

ஆட்டோக்காரர் முன்வாசலுக்குத் திருப்பப் போனார். என் மனைவி ருக்குமணி விடவில்லை. பின்னால் கேண்டீன் கேட் வழியாகப் போனால்தான் கிட்டமாம். கிட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, துணி உலர்த்துகிற இடத்தைத் தாண்டி நடந்தோம். அவளுக்கு அந்தக் கேண்டீன் உளுந்து வடை மேல் கண். இந்த வயதிலும் நாக்கு அடங்கவில்லை.

ஜூன் 5, புதன்

வீட்டில் செய்வதற்கு ஒரு பொம்மை கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். எனக்கு முதல் பந்து ஏறுகிறது. இரண்டாவது ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. மூன்றாவது, கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி அசையவே இல்லை. இழுக்க இழுக்கத் தையல் போட்ட இடம் சுள்ளென்று வலித்தது.

பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஊதினால் மூன்றும் ஜோராக எழும்புகின்றன. இழுக்கத்தானே வலி, ஊத என்ன வந்தது? ருக்குமணி சமையல்கட்டில் இருந்தபடி டக் டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னைக்கு நல்லாச் செஞ்சீங்களாட்டம் இருக்கு என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 8, சனி

ருக்குமணியின் அண்ணன் பெண்டாட்டி வந்திருந்தாள். வேலித் தகராறு வந்ததிலிருந்து எங்கள் வாசல் மிதிக்காதவள். பூஸ்ட் பாட்டிலும் ஆப்பிளும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு சளிக் கட்டிக்கு இத்தனை அழுகை கிடைக்கும் என்றால் முன்னமே அறுத்திருக்கலாம், வேலியாவது நேராகியிருக்கும். ருக்குமணி அவளை அவசரமாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். முருங்கைக்காய் பறிக்கப் போனார்களாம். வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

ஜூன் 10, திங்கள்

மொட்டை மாடிக்குப் படியேறி இறங்க வேண்டும் என்பது ஜெசிந்தாவின் புது உத்தரவு. மூன்றாவது படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். நடுப்பக்கத்தில் சதுரமாக ஓட்டை. ருக்குமணி ஏதோ தள்ளுபடி விளம்பரத்தை வெட்டி எடுத்தாளாம். பேப்பர் முடிந்ததும் குழாயடியில் முகத்திலும் சட்டையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல உள்ளே போனேன். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் இதே வேலையைச் செய்த பயல்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். தொழில் ரகசியம் வீண் போகவில்லை.

ஏன் ஏறவில்லை என்றால், வலிக்காக அல்ல. மூச்சு வாங்கும்போது ஒரு பயம் வருகிறது. உள்ளே போன காற்று போதாமல், அடுத்த காற்று வருமா என்று நிற்கிற நேரம் அது. அந்தப் பயம் எனக்குப் பழக்கமில்லை.

ஜூன் 12, புதன்

வகுப்புக்குப் போய் வந்தோம். கேண்டீன் வழிதான். ருக்குமணி வடையை வாங்கி, பாதி தின்றுவிட்டுக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் எனக்குச் சத்து ஊசி போடப் போகிறார்களாம், வீட்டுக்கு வந்ததும் ருக்குமணி சொன்னாள். சில நாள் தளர்ச்சியாக இருக்கும், முடிகூடக் கொஞ்சம் கொட்டலாமாம். சத்து ஊசிக்கு ஏன் முடி கொட்டுகிறது என்றேன். "சூடு ஜாஸ்திங்க. அதான் நல்லாப் பயிற்சி செஞ்சு தெம்பா இருக்கறவங்களுக்குத்தான் போடுவாங்களாமா" என்றாள். எனக்கு ஊசியே வேண்டாம், போ என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

வகுப்புக்கு மட்டம். பங்காளி வீட்டுக் கல்யாணம் அன்னூரில். பந்தியில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தேன். வகுப்பை விட வேண்டாம் என்று காலையில் ருக்குமணி சண்டைக்கு வந்தாள். ஒரு நாள் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் பாதியில் நிறுத்திய முதல் சண்டை இதுதான். நான் ஜெயித்ததாகவே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, திங்கள்

எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று வராந்தாவில் ஜோடி ஜோடியாக நடக்க வைத்தாள் ஜெசிந்தா. நடந்துகொண்டே பேச வேண்டும் என்பது விதி. ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிந்தால் நடை சரி. வார்த்தை உடைந்தால் மெதுவாக நடக்க வேண்டும். பாட்டே பாட முடிந்தால் சோம்பேறி நடை என்று அர்த்தம். எனக்கு ஜோடியாக இப்ராஹிம் பாய் என்று ஒருவர். உக்கடத்தில் கார் சீட்டு தைக்கிற கடை வைத்திருக்கிறார். என்னைப் போலவே நெஞ்சைக் கிழித்துத் தைத்த ஆள். நல்ல பேச்சுக்காரர். சீட்டுத் துணி, பையன் படிப்பு, மழை எல்லாம் பேசிவிட்டுக் கேட்டார்.

"எனக்கு ரெண்டு கீமோ முடிஞ்சுருச்சு வாத்தியாரே. உங்களுக்கு எப்ப ஆரம்பிக்கறாங்க?"

எனக்கு எதற்குக் கீமோ, எனக்குச் சாதாரணக் கட்டிதானே என்றேன். அவர் சிரித்தார்.

"எல்லாத்துக்கும் கட்டிதானுங்களே. இந்த வகுப்புல இருக்கிற அத்தனை பேருக்கும் நுரையீரல்ல கேன்சர்தான். வேற வியாதிக்காரங்களுக்கு வேற நாளு."

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் எப்படி அணைந்தது என்பதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதால் அல்ல. அவர் பயந்ததால்.

இரண்டு பேரும் பேசாமல் நடந்தோம். பின்னால் வந்த ஜெசிந்தா, "என்ன சார், பேச்சையே காணோம், பேசுங்க பேசுங்க" என்றாள். எனக்கு வாய் திறக்கவில்லை. மூச்சுத் திணறல் என்று நினைத்து நாற்காலியில் உட்கார வைத்து, விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் பேச முடியல என்று என்னையே கேட்டாள். பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வகுப்பு முடிந்ததும் கேண்டீனுக்குப் போகவில்லை. உள்வழியாகவே முன்வாசலுக்கு நடந்தேன். வெளியே போய்த் திரும்பி நின்று பார்த்தேன். நீல எழுத்தில், நான்கு ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது, புற்றுநோய் மருத்துவமனை என்று. சூலூரில் இருந்து பேருந்தில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். வாரத்துக்கு மூன்று முறை வருகிற எனக்குத் தெரியவில்லை.

கேண்டீனுக்குத் திரும்பினேன். ருக்குமணி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏனுங்க இவ்வளவு நேரம் என்றாள். பாத்ரூம் என்றேன். டீயை ஆற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் இட்லி. பால்காரர் வரவில்லை. வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஜூன் 19, புதன்

எல்லோருக்கும் முன்பாக உள்ளே போய் ஜெசிந்தாவிடம் நேராகக் கேட்டேன். எனக்குக் கேன்சரா என்று. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள் என்றாள். தனக்கு அது பிடிக்கவில்லை என்றும், நானாகக் கேட்டால் மறைக்க மாட்டேன் என்று ருக்குமணியிடம் முன்பே சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். அது திரும்பாமல் இருக்கக் கீமோ கொடுக்க வேண்டும். அதுதான் சத்து ஊசி. ஜூலை ஒன்றாம் தேதி டாக்டர் என்னைப் பார்ப்பார். பேசிக்கொண்டே இரண்டு மாடி ஏற முடிந்தால் ஊசியைத் தொடங்குவார். முடியாவிட்டால் உடம்பு தாங்காது என்று தள்ளிப்போடுவார். அதிகம் தள்ளிப் போனால் அதனால் கிடைக்கிற பலன் குறையும்.

"இதுக்குத்தான் சார் நான் தினமும் விரட்டறது. வீட்ல செய்யச் சொன்னதெல்லாம் செஞ்சீங்கதானே?"

நான் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய ரப்பர் வார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன் அம்மா என்று எப்படிச் சொல்வது? முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன், பேப்பர் படித்தேன், பாயசம் குடிக்க அன்னூர் போனேன். உயிரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விளையாடியிருக்கிறேன், அது உயிர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் என்பதை ருக்குமணியிடம் சொல்ல வேண்டாம் என்று ஜெசிந்தாவைக் கேட்டுக்கொண்டேன். அவள் பெருமூச்சு விட்டு, உங்க குடும்பமே இப்படித்தானா சார் என்றாள்.

ஜூன் 20, வியாழன்

டப்பாவை நேராகப் பிடித்தேன். ஒரு பந்துதான் ஏறியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இழுத்தேன். ஒரு பந்துதான்.

ஜூன் 21, வெள்ளி

கௌசல்யா போன் செய்தாள். எப்படிப்பா இருக்கீங்க என்றாள். சளி எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன். சரிப்பா, சரிப்பா என்றாள் அவசரமாக. பிறகு பேரன் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினாள்.

கோபம் வருகிறது. என் உடம்பு, என் வியாதி, ஊருக்கெல்லாம் தெரியும், வேலித் தகராறுக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். ருக்குமணி ரசத்தை ஊற்றினாள். அவள் கையில் வளையல்கள் முழங்கைப் பக்கமாக ஓடி ஓடி வந்தன. அவளுடைய வளையல் எப்போதும் மணிக்கட்டில் இறுகித்தான் இருக்கும், சோப்புப் போட்டுத்தான் கழற்றுவாள். எப்போது இப்படி இளைத்தாள் என்று தெரியவில்லை. கேட்காமல் எழுந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

மாடிப் படியில் பாதிவரை ஏறினேன். நெஞ்சு பட்டறை மாதிரி அடித்துக்கொண்டது. அந்தப் பயம் வந்தது. இப்போது அதற்குப் பெயர் தெரியும் என்பதால் முன்னைவிடப் பெரிதாக வந்தது. உட்கார்ந்துகொண்டேன். ஜெசிந்தா சொன்னபடி உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி மெல்ல மூச்சை விட்டேன். அடுத்த காற்று வந்தது. எழுந்து இன்னும் சில படி ஏறினேன்.

கீழே துணி வாளியோடு ருக்குமணி நின்றிருந்தாள். வாளியில் ஒரே ஒரு துண்டு.

ஜூன் 26, புதன்

இரண்டாவது பந்து ஏறிவிட்டது. பாய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். விடுங்க பாய், நீங்க சொல்லாட்டி நான் இன்னும் பேப்பர் படிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன் என்றேன். மறுபடி ஜோடியாக நடந்தோம். கீமோ எப்படி இருக்கும் என்று கேட்டேன். வாயில் இரும்பு வாடை வரும், மோர் குடித்தால் தேவலை என்றார். வார்த்தை உடையவில்லை, இருவருக்கும்.

ஜூன் 29, சனி

மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். சாரல். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசிக்கொண்டே ஏற முடியுமா என்றால், தெரியாது. வாயைத் திறக்காமல்தான் ஏறினேன். பயமாக இருக்கிறது. டாக்டர் தள்ளிப்போட்டால் அது என்னால்தான். முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று அவள் மேல் பழி போட வருகிறது, போட்டும் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஜூலை 1, திங்கள்

படிக்கட்டுப் பரீட்சை. பாய் ஊசிக்காக வார்டில் இருந்ததால் எனக்குப் பேச்சு ஜோடி இல்லை. வீட்டுக்காரம்மாவே வரட்டும் என்றாள் ஜெசிந்தா. டாக்டர் இரண்டாவது மாடியில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

ருக்குமணி என் இடது பக்கம். பேசுங்க என்றாள் ஜெசிந்தா, பின்னால் இருந்து. என்ன பேசுவது? தக்காளி விலை பேசினேன். அன்னூர்ப் பாயசத்தைப் பற்றிப் பேசினேன். முதல் மாடி வந்தது, வார்த்தை உடையவில்லை. அவளும் எல்லாவற்றுக்கும் ம் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடிக்காமல், என் முதுகுக்குப் பின்னால் கையை வைத்தபடி வந்தாள். நான் விழுந்தால் பிடிக்க. அந்த வளையல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பிடித்துவிடுவாளாம்.

முதல் மாடி தாண்டி, படி திரும்புகிற இடத்தில் சொன்னேன். இதையெல்லாம் யோசித்துவைத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். தக்காளிக்கு அடுத்து அதுதான் வாயில் வந்தது.

"ருக்கு, எனக்குக் கேன்சர்னு எனக்குத் தெரியும், அந்த ஊசிக்கு இனிமேல் சத்து ஊசின்னு பேர் வைக்காதே."

ஒரே மூச்சு. ஒரு இடத்தில்கூட உடையவில்லை.

அவள் நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. காற்றும் போகவில்லை, வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா கிளிப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்குப் பாரும்மா என்றேன். இரண்டு நுரையீரலும் கெடாதவள் மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், பாதியை அறுத்துப் போட்ட நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

டீயை ஊதற மாதிரி விடு என்றேன். ஊதினாள். மெல்ல மூச்சு வந்தது.

"எப்பத்துல இருந்துங்க?"

"அந்தக் கல்யாணத்துக்குப் போன அடுத்த திங்கக்கிழமை."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அதானா. அதுக்கப்புறம் டப்பாவை நேராப் புடிச்சீங்களே, நம்ம மாரியாத்தாதான் புத்தி குடுத்தான்னு நெனச்சேன்."

படியில் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்ததை முதல் நாளே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். படியேறாமல் பேப்பர் படித்ததும் தெரியும். வேர்வை என்றால் சட்டையில் உப்புப் பூக்கும், துவைக்கிறவளுக்குத் தெரியாதா என்றாள். தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"திட்டோணும்னா காரணம் சொல்லோணுமல்லங்க. காரணத்தை எந்த வாயால சொல்லுவேன். நீங்க அந்தப் பந்தை ஊதி ஊதிச் சத்தம் பண்ணும்போதெல்லாம் நான் உள்ள நின்னு வாயில துணியை வெச்சுட்டு அழுதனுங்க."

நான் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்து மார்தட்டிய ஒவ்வொரு நாளும் அவள் அங்கே நின்றிருக்கிறாள். கேன்சர் என்று கேட்டபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அழுதேன். பி.டி. வாத்தியார் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதான், மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள்.

ஜெசிந்தாதான் ஒரு கட்டத்தில், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு சார் என்றாள். ருக்குமணிக்குக் கால் வரவில்லை. என் கையைக் கொடுத்து எழுப்பி, ஏற்றிக்கொண்டு போனேன். பேசவே இல்லை இருவரும். பரீட்சையில் அது செல்லுமா என்று தெரியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கீழ்ப்பக்கம் இன்னும் நன்றாக விரிந்திருக்கலாம் என்றார். நானும் ருக்குமணியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருந்தாலும் போதும், தொடங்கலாம், வகுப்பை மட்டும் விடக்கூடாது என்றார்.

ஜூலை 4, வியாழன்

முதல் கீமோ. ஆட்டோக்காரர் பழக்கத்தில் கேண்டீன் பக்கமாகத் திருப்பினார். முன்வாசலுக்கே போங்க என்றாள் ருக்குமணி.